முதலில் குதித்தவர்

கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில், பார்க்கிறவர்கள் எல்லாம், "ஏரோப்ளேன் சத்தம் பழகிப்போச்சுங்களா?" என்று கேட்பார்கள். பழகிவிட்டது என்றுதான் சொல்வேன். உண்மையில் பழகவே இல்லை. நான் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட் கம்பெனிகளுக்கு நடுவே வளர்ந்தவள். இரைச்சல் எனக்குப் புதிதல்ல. ஆனால் கம்பெனி இரைச்சல் கம்பெனியோடு நின்றுவிடும். இங்கே அது கிழக்கே கிளம்பி நேராகத் தலைக்கு மேல் வரும். அடுக்களையில் ஏனம் பாத்திரமெல்லாம் அதிரும். கட்டுத்தறியில் மாடு காலை மாற்றி வைக்கும். நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவேன்.

"ஆகாசத்தப் பாத்துட்டு நின்னா சோறு தானா வெந்துருமா அம்மணி?" என்பார் என் மாமியார். அவருக்கு அந்தச் சத்தம் காதிலேயே விழாது. என் கணவருக்குச் சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்லத் தெரியும். ஆனால் நிமிர்ந்து பார்க்க மாட்டார். விமானப்படை ஓடுதளத்தின் கம்பி வேலிக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவே இருந்தது உழுது விதைக்கிற சில காடுகள்தான். அங்கே பிறந்தவர்களுக்கு விமானம் என்பது கரண்டுக் கம்பம் போல ஒன்று. நான் மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தொண்ணூறுகளின் தொடக்கம்.

அன்று மார்கழிக் காலை. பனி விலகி வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கியிருந்தது. சின்ன வெங்காயம் பிடுங்க ஐந்தாறு பெண்கள் வந்திருந்தார்கள். நானும் அவர்களோடு வரப்பில் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் இருந்த அக்கா எங்கள் தோட்டத்துக்கு வருஷக்கணக்காக வேலைக்கு வருகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். எனக்கு அந்த ஊரில் மனம்விட்டுப் பேச இருந்த ஒரே ஆள் அவர்தான்.

சத்தம் வந்தது. மற்றவர்கள் குனிந்தபடியே இருந்தார்கள். வழக்கம்போல நான் நிமிர்ந்தேன். அன்று கிளம்பியது பெரியது. இரண்டு எஞ்சின் வைத்த பழைய குண்டுவீச்சு விமானம். ஊரில் அதற்குக் குண்டு ப்ளேன் என்று பெயர். ஆனால் சத்தம் வேறு மாதிரி இருந்தது. பாதிச் சத்தம் அறுந்துபோய், மீதிப் பாதி மட்டும் கதறிக்கொண்டு வந்தது. ஒரு பக்கத்து இறக்கை தாழ்ந்திருந்தது. தென்னை மட்டையைத் தொட்டுவிடும் உயரத்தில் வந்தது.

"அக்கா, அங்க பாருங்க," என்றேன். அவர் பார்ப்பதற்குள் விமானத்தின் மூக்குக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு திறந்து, அதிலிருந்து ஓர் ஆள் வெளியே விழுந்தார். அவர் பின்னால் ஒரு வெள்ளைத் துணி நீண்டது. நனைந்த வேட்டியை உதறியது போல நீண்டதே தவிர, விரியவில்லை. எங்கள் சோளக்காட்டின் நடுவே போய் விழுந்தார். விமானம் இன்னும் கொஞ்சம் முன்னால் போனது. மூக்கு மெல்ல மேலே தூக்கியது. அதற்குப் பிறகுதான் மேலிருந்த கண்ணாடி மூடி பறந்தது. வெடி வெடித்தது மாதிரி ஒரு சத்தத்தோடு இருக்கையோடு சேர்ந்து இன்னோர் ஆள் மேலே எகிறினார். அவருடைய பாராசூட் குடை விரிந்தது. விரிந்ததுமே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தென்னைகளுக்குள் மறைந்துவிட்டார். விமானம் அதையும் தாண்டி, மேட்டாங்காட்டில் இறங்கியது. இறங்கியது என்று எழுதிவிட்டேன், வேறு சொல் வரவில்லை. தரை ஒரு முறை குலுங்கியது. கரும்புகை எழுந்தது.

அந்தக் குலுக்கலுக்குத்தான் ஊரே நிமிர்ந்தது. எல்லோரும் புகையைப் பார்த்து ஓடினார்கள். நான் சோளக்காட்டுக்குள் ஓடினேன்.

"போகாதீங்க அம்மணி, போகாதீங்க," என்று கத்திக்கொண்டே அக்காவும் பின்னால் வந்தார்.

சோளம் தலைக்கு மேல் நின்றது. தோகை முகத்தை அறுத்தது. தட்டுகள் ஒடிந்து ஒரு பள்ளம் போலத் தெரிந்த இடத்தில் அவர் கிடந்தார். தலைக்கவசம் கழன்று தள்ளிக் கிடந்தது. முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. முகத்தில் காயமே இல்லை. காதோரம் மட்டும் கொஞ்சம் ரத்தம். நான் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். கை சூடாகத்தான் இருந்தது. நாடி இல்லை. மறு கையையும் பிடித்துப் பார்த்தேன். "தண்ணி கொண்டாறட்டுங்களா?" என்று அக்கா கேட்டார். நான் அந்தக் கையைக் கீழே வைத்தேன். அவரே புரிந்துகொண்டு குனிந்து, பாதி திறந்திருந்த கண்களை விரலால் மூடிவிட்டார். பிறகு தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, மண்ணை உதறி, அந்த முகத்தின் மேல் போட்டார். ஈ வர ஆரம்பித்திருந்தது.

என் கணவர் என்னைத் தேடிக்கொண்டு வந்து கையைப் பிடித்து இழுத்தார். "உள்ள குண்டு இருக்குமாம். வெடிக்கும்ங்கறாங்க. வா."

"இவரு..."

"பாத்தேன். வா."

இருக்கையோடு எகிறிய விமானி தென்னந்தோப்பில் உயிரோடு கிடந்தார். இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. என் கணவரும் இன்னும் நாலு பேரும் கயிற்றுக் கட்டிலில் வைத்து ரோடு வரைக்கும் தூக்கிப் போனார்கள். வழியெல்லாம் அவர் என் கணவரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே வந்தாராம். ஹிந்தியா, இங்கிலீஷா என்றுகூட இவருக்கு விளங்கவில்லை. "இன்னொருத்தன் எங்கேன்னுதான் கேட்டிருப்பான்," என்று அன்று மாலை சொன்னார். "நான் ஒண்ணும் சொல்லல. தலைய மட்டும் ஆட்டினேன். எப்படி ஆட்டினேன்னு எனக்கே தெரியல."

மதியத்துக்குள் லாரிகள் வந்து நின்றுவிட்டன. கயிறு கட்டினார்கள். எங்கள் சோளக்காடு, வெங்காயக்காடு, கிணறு எல்லாம் கயிற்றுக்கு உள்ளே போய்விட்டன. பிடுங்கிப் போட்ட வெங்காயம் வெயிலில் கிடந்தது. மாட்டுக்குத் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சுமக்க வேண்டியிருந்தது. துப்பாக்கி வைத்திருந்த சிப்பாய்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் உள்ளே விடவில்லை.

மறுநாள் இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் விசாரித்தார்கள். அவர் சத்தம் கேட்டதையும், புகையைப் பார்த்ததையும், விமானியைத் தூக்கியதையும் சொன்னார். "குதித்ததைப் பார்த்தவர்கள் யாராவது?" என்று அதில் தமிழ் பேசியவர் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெளியே வர ஓர் அடி வைத்தேன். மாமியார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சமும் சத்தம் போடாமல் பிடித்தார். ஆனால் விடவில்லை.

அவர்கள் போன பிறகு சொன்னார்: "கேசு, கோர்ட்டுன்னா வருசக்கணக்குல இழுப்பாங்க. பொம்பளைய சாட்சிக்குக் கூப்புட்டு நாலு பேருக்கு முன்னால நிக்க வெப்பாங்க. கல்யாணமாகி ரண்டு வருசங்கூட ஆகல. உனக்கு எதுக்கு கண்ணு? செத்தவன் வரப்போறதில்ல."

அவர் கொடுமைக்காரி இல்லை. அவருடைய தம்பி ஒரு நிலத் தகராறில் சாட்சி சொல்லப் போய்ப் பட்ட பாடு அவருக்குத் தெரியும். என் கணவரும், "அம்மா சொல்றதும் சரிதான்," என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். கால்களைக் கட்டி வைக்க முடியவில்லை.

அப்போது தொடங்கியது எனக்கு அந்த நிலைகொள்ளாமை. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். வாசலிலிருந்து கட்டுத்தறிக்கு. கட்டுத்தறியிலிருந்து கயிறு வரைக்கும். சிப்பாய் பார்த்தால் திரும்பி வருவேன். துணி துவைக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டேன். சில நாள் விமானங்கள் பறக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பிறகு பறக்க ஆரம்பித்தபோது ஒவ்வொன்றும் தென்னைகளைத் தாண்டும் வரை என்னால் மூச்சு விட முடியவில்லை. "புள்ளைக்கு ஆரோ செய்வினை வெச்சுப்போட்டாங்களாட்ட இருக்குது," என்று மாமியார் கோயிலுக்குக் கூட்டிப் போய்த் திருநீறு போட்டுக் கூட்டிவந்தார். திருநீறு என்ன செய்யும்?

ஊரில் அதற்குள் கதை தயாராகிவிட்டது. விமானியின் இருக்கையில் விசை இருந்ததாம். இழுத்தால் ஆளை வெளியே தூக்கி எறிந்துவிடுமாம். மூக்குப் பகுதியில் வழிகாட்டியாக உட்கார்ந்திருந்தவருக்கு அப்படி இருக்கை கிடையாதாம். அவர் கதவைத் திறந்து தானே குதிக்க வேண்டுமாம். அதுவரைக்கும் உண்மை. அதற்குப் பிறகுதான் ஊர் தன் பங்குக்குச் சேர்த்தது. "விசைய இழுத்துட்டு அவன் தப்பிச்சுட்டான். பாவம், கீழ இருந்தவன விட்டுப்போட்டான். ப்ளேன் மண்ணுல மோதி ஒடஞ்சப்பத்தான் அந்த ஆளு தூக்கி வீசப்பட்டான்." டீக்கடையில், பஸ்சில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் இதே பேச்சு. கட்டிலைத் தூக்கிப் போன என் கணவரே ஒருநாள், "தெரிஞ்சிருந்தா தூக்கியிருக்க மாட்டேன்," என்றார்.

"அப்படி நடக்கலைங்க. செத்தவருதான் முதல்ல குதிச்சாரு. பொறவுதான் ஓட்டுனவரு," என்றேன்.

"நீ பயத்துல முன்னப்பின்ன பாத்திருப்பே."

அந்த வார்த்தை என்னை இன்னும் கலக்கிவிட்டது. நான் சரியாகத்தான் பார்த்தேனா? கண்ணை மூடி மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கதவு, வெள்ளைத் துணி, மூக்கு மேலே தூக்கியது, கண்ணாடி மூடி. எத்தனை முறை ஓட்டினாலும் அதே வரிசையில்தான் வந்தது. ஆனால் அத்தனை முறை ஓட்டியதாலேயே அதன் மேல் சந்தேகம் வந்தது.

பேப்பரில் இறந்தவரின் படம் வந்திருந்தது. அடர்ந்த மீசை வைத்த சிரித்த முகம். படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோளக்காட்டில் நான் பார்த்த முகத்தில் மீசை இல்லை. அப்படியானால் நான் பார்த்தது யாரை? அக்காவைத் தேடிப் போனேன். அவர் வீட்டில் சாணி மெழுகிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த ஆளுக்கு மீசை இருந்துச்சுங்களா?"

அவர் கையை நிறுத்தி யோசித்தார். "இல்லீங். மழமழன்னு இருந்துச்சு. துண்டு போடறப்ப பாத்தனே."

"ஊருல எல்லாரும் பெரிய மீசைங்கறாங்க."

"ஊருல எவன் பாத்தான்? பேப்பரப் பாத்துட்டுப் பேசறானுங்க." பிறகு மெதுவாகச் சொன்னார்: "என்னைய ஆரும் கேக்கமாட்டாங்க அம்மணி. கேட்டாலும் நான் பாத்தது கெடந்த ஆளத்தான். குதிச்சத நீங்கதான் பாத்தீங்க. நீங்கதான் சொல்லோணும்."

பொங்கல் கழிந்தது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு லாரிகள் போய்விட்டன. மேட்டாங்காட்டில் எரிந்த இடம் மட்டும் கருப்பாகக் கிடந்தது. சோளத்தட்டை அறுத்துப் போர் போட்டாயிற்று. ஒருநாள் முற்பகலில் எங்கள் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முப்பது வயது இருக்கும் ஒரு பெண் தனியாக இறங்கினார். வெளிர்நிறப் புடவை. நெற்றியில் ஒன்றும் இல்லை. யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

மாமியார் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது மெய்யான அழுகைதான். அந்தப் பெண் அழவில்லை. பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாகப் பேசினார். "யாராவது பார்த்தீங்களா? அவரைப் பார்த்தவங்க யாராவது உண்டோ?" என்று கேட்டார். மாமியார் என்னைப் பார்க்காமலே, "இல்லீங்க அம்மணி. நாங்க பொகையத்தான் பாத்தோம்," என்றார்.

"இடத்தையாவது பார்க்கணும்."

"நான் கூட்டிட்டுப் போறேனுங்க," என்றேன்.

அறுத்த சோளக்காட்டில் கட்டைத்தாள்கள் கூர்மையாக நின்றன. அவர் மெல்லிய செருப்பு போட்டிருந்தார். பார்த்து நடக்கச் சொன்னேன். அவர் பார்க்கவில்லை. விடுவிடுவென்று எனக்கு முன்னால் நடந்தார். இடம் எனக்குத்தான் தெரியும் என்பதே அவருக்கு நினைவில்லை. நான் கூப்பிட்டு நிறுத்த வேண்டியிருந்தது.

"இதுதானுங்க."

அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. மற்ற இடம் போலவே தாள்கள். அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். என்னைப் போலவே அவராலும் நிற்க முடியவில்லை என்று கண்டுகொண்டேன்.

"பெட்டியைத் திறக்க விடலை," என்றார். "மூடித்தான் தந்தாங்க. மூடியே எரிச்சோம். உள்ளே அவர்தானா என்று யாருக்குத் தெரியும்? எல்லாரும் சொல்றாங்க, நான் பார்த்தேன், சாந்தமா தூங்கற மாதிரி இருந்தார் என்று. ஊர்க்காரர் ஒருத்தர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து சொன்னார், அந்த மீசையோட ராஜா மாதிரிக் கிடந்தார் என்று."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் தானாகத் திறந்துகொண்டது. "அவருக்கு மீசை இல்லைங்க அக்கா."

அவர் சட்டென்று நின்றார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொன்னே?"

"மீசை இல்லைங்க. மழுங்கச் செரச்சிருந்தாரு. பேப்பர்ல படத்தப் பாத்து எனக்கே சந்தேகமாப் போச்சு. ஆனா இல்லைங்க. நான் கிட்ட நின்னு பாத்தேன்."

அவர் அப்படியே தாள்களின் மேல் உட்கார்ந்துவிட்டார். குத்தும் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "முந்தின நாள் சாயங்காலம்தான் எடுத்தார். சும்மா ஒரு விளையாட்டுக்கு. என்கிட்டே கேட்காமே எடுத்தார் என்று நான் சண்டை போட்டேன். காலையில் கிளம்பறப்பவும் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அன்னைக்குக் காலையில் அவரை நேரில் பார்த்தவங்களுக்குத்தான் அது தெரியும்."

பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முகத்தில் காயம் இல்லை. எரியவில்லை. கை சூடாக இருந்தது. ஓர் அக்கா கண்களை மூடினார், தன் துண்டைப் போட்டார். அவர் எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடந்தார் என்று கேட்டார். காட்டினேன். அந்தப் பக்கம் போய்த் தரையைத் தொட்டார். அப்போதுதான் அழுதார்.

அழுகை அடங்கியதும் முகம் இறுகிவிட்டது. "தூக்கி வீசப்பட்டு விழுந்திருக்கார். மற்றவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். என்னைப் பார்க்கணும் என்று மூணு தடவை ஆள் விட்டான். நான் போகலை. போகவும் மாட்டேன்."

"இல்லைங்க அக்கா, அப்படி இல்லை. இவரு முதல்ல குதிச்சாரு. கதவு தொறந்து, தானா வெளிய வந்தாரு. குடை விரியறதுக்கு உசரம் பத்தல. இவரு விழுந்து, ப்ளேன் இன்னும் கொஞ்ச தூரம் போயி, மூக்கு மேல தூக்குச்சு. அதுக்குப் பொறவுதான் ஓட்டுனவரு எகிறுனாரு. அவரு குடையும் தென்ன மரத்துக்கிட்ட வந்துதான் விரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா அவரும் இல்லீங்க."

"உனக்கு நல்லாத் தெரியுமா?"

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் இத்தனை நாள் நடந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தில் நின்று, கிழக்கே பார்த்து, கையை நீட்டி அவருக்குக் காட்டினேன். எங்கே தாழ்ந்தது, எங்கே கதவு திறந்தது, எங்கே மூடி பறந்தது. "தெரியுமுங்க," என்றேன்.

வீட்டுக்குத் திரும்பி, அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மாமியாரிடம் போய், "எல்லாத்தையும் சொல்லிப்போட்டேனுங்கத்தை," என்றேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அவ மொகத்தப் பாத்தப்பவே எனக்குத் தெரியும், நீ சொல்லுவேன்னு," என்றார். "இனி வாரவங்களுக்கு நீயே பதில் சொல்லிக்கோ. நான் காப்பி மட்டும் வெச்சுத் தாரேன்."

வந்தார்கள். அந்தப் பெண் சொல்லி, அதே தமிழ் பேசும் அதிகாரியும் இன்னொருவரும். கோர்ட்டு என்று எதுவும் இல்லை. வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். காட்டுக்கு வந்து, ஒவ்வோர் இடத்திலும் நிற்க வைத்துக் கேட்டார்கள். முன்பின்னாக மாற்றி மாற்றிக் கேட்டார்கள். நான் மாற்றவில்லை. என் கணவர் கூடவே நடந்து வந்தார். மாமியார் சொன்னபடி காப்பி வைத்தார். கொடுக்கும்போது, கிணற்றுக்குப் போகவிடாமல் மாட்டைத் தவிக்க விட்டதைப் பற்றியும் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் டம்ளரை நீட்டினார்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அந்த அதிகாரி என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "விமானி இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் கீழே மூக்குப் பகுதி தெரியாதும்மா. குதி என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு சொல் பதிலுக்குப் பிறகு குரலே கேட்காமல், முடிந்தவரை மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். மற்றவர் வெளியே போனாரா, உள்ளேயே இருந்தாரா என்று இவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்."

என் கணவர் அதைக் கேட்டு அப்படியே நின்றார். மறுநாள் காலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் கிளம்பினார். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். உள்ளே விட மாட்டேன் என்றவர்களிடம், "கட்டில்ல தூக்குன ஆளுன்னு சொல்லுங்க," என்றாராம். விட்டிருக்கிறார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்," என்றார்.

சொன்னால் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி அடங்கிவிடவில்லை. உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. துணியைப் பாதியில் விடாமல் துவைக்க முடிந்தது. அவ்வளவுதான். கால்களுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போகட்டுமா என்று கேட்டேன். பெரிய வாக்குவாதம் வரும் என்று எதிர்பார்த்தேன். "போய்ட்டு பொழுதோட வந்துரு," என்றார் மாமியார். தினமும் டவுன் பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு நின்று போய், நாள் முழுக்க நின்று துணி எடுத்துக் காட்டி, நின்றபடியே திரும்பினேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

வெயில் காலத்தில் அந்தப் பெண் விமானப்படைக் குவார்ட்டர்சைக் காலி செய்துகொண்டு பாலக்காடு போனார். அதற்குள் இரண்டு மூன்று முறை தோட்டத்துக்கு வந்துவிட்டார். துண்டு போட்ட அக்காவுக்கு ஒரு புடவை கொண்டுவந்து கொடுத்தார். வழியனுப்ப நானும் என் கணவரும் கோயமுத்தூர் ஜங்ஷனுக்குப் போனோம். பிளாட்பாரத்தில் அவருடைய அண்ணன் சாமான்களை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, கைத்தடியோடு அந்த விமானி நின்றிருந்தார். சாதாரணச் சட்டையில் மிகவும் சின்னப் பையனாகத் தெரிந்தார். கிட்ட வரத் தயங்கினார்.

அந்தப் பெண் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு விமானியைப் பார்த்தார். கையை வெளியே நீட்டிக் கூப்பிட்டார். விமானி தடியை ஊன்றி ஊன்றி வந்தார். இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் புரிந்தது. "அவர் உங்களைத் திட்டினாரா, கடைசியில்?" என்று கேட்டார் அந்தப் பெண். இல்லை என்று விமானி தலையாட்டினார். "என்ன சொன்னார்?" "ரைட் என்றார்." "அவ்வளவுதானா?" "அவ்வளவுதான்." அந்தப் பெண் சிரித்தமாதிரி இருந்தது. "வீட்டிலும் அப்படித்தான்," என்றார். வண்டி நகர்ந்தது.

அதற்குப் பிறகு நாங்களும் விமானியுமாக மூன்று பேரும் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கடையில் டீ குடித்தோம். முதுகெலும்பு அடிபட்டதால் இனி பறக்க விடமாட்டார்கள் என்று அவர் அரைகுறைத் தமிழிலும் கையாலும் சொன்னார். அதற்குள் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தார்.

"அப்பொறம் என்ன வேலைங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"ஆபீஸ். நாற்காலி."

"நல்லதுதானுங்களே. ஆபத்தில்லாத வேலை."

"நல்லது," என்றார் அவர். என் கணவர் அதை நம்பினார் என்றே நினைக்கிறேன். நான் கீழே பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில் அவருடைய வலது குதிகால் தரையில் படாமல் ஆடிக்கொண்டே இருந்தது. டீ முடிந்த பிறகும் அவர் எழவில்லை. இந்த வருஷம் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். தக்காளி என்றார் என் கணவர். தக்காளிக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடுவீர்கள் என்று கேட்டார். எங்கள் பஸ் வந்து நின்று, கண்டக்டர் கூப்பிடும் வரை, அவர் இன்னும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார்.